வாடைக்கு வேலி, பனிக்குக் கூரை

சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிற என் தம்பி போன ஆடி மாதம் ஒரு படம் அனுப்பினான். அவன் வளவில் நின்ற வாழை, சுடுதண்ணீர் ஊற்றியதுபோல இலை கறுத்துத் தொங்கியது. கறிவேப்பிலை வெறும் தடியாக நின்றது. “அண்ணை, ஒரே ஒரு இரவு. விடியப் பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினமாதிரி” என்றான். அங்கே ஆடிதான் குளிர்காலம். முதல் நாள் இரவு முகிலே இல்லையாம், காற்றும் அசையவில்லையாம்.

அவன் அதோடு நிற்கவில்லை. பயிருக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணி அங்கே மலிவாம், ஒரு சுருள் எனக்கும் அனுப்பிவிடுகிறானாம். “மார்கழியில் உங்கடை நாற்றும் குளிரில் படுக்கிறதுதானே?” என்று கேட்டான். படுக்கிறதுதான்.

எனக்கு இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி. பப்பாசி, வாழை, மிளகாய், கொஞ்சம் தக்காளி, வேலியோரம் நாலைந்து மா. நாற்று நானே போட்டு அயலுக்கும் விற்கிறேன். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுவரை நாற்றுமேடையில் ஒரு பங்கு எப்படியும் போய்விடும். இந்த வருடம் அதற்கென்று கொஞ்சக் காசு ஒதுக்கினேன். எதில் போடுவது என்பதுதான் கேள்வி: தம்பியின் துணியா, பொலித்தீன் கூடாரமா, நிழல் வலையா, பின்னிய தென்னோலைக் கிடுகா, அல்லது எதையும் கட்டாமல் விதைக்கிற நாளைத் தள்ளிப்போடுவதா?

துணியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. அவன் தோட்டத்தைக் கொன்ற குளிரும் என் நாற்றைக் கொல்கிற குளிரும் ஒன்றல்ல.

அங்கே நடந்தது உறைபனி. பகலில் சூடேறிய நிலமும் இலையும் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். முகில் இருந்தால் அது கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். வானம் வெளித்திருந்தால் போனது போனதுதான். காற்றும் அசையாவிட்டால் மேலே நிற்கும் சூடான காற்று கீழே கலக்காது. அதனால் ஆள் உயரத்தில் வெப்பமானி 2, 3 பாகை காட்டும்போதே நிலத்தோடு கிடக்கும் இலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று பாரம் கூடியது. தண்ணீரைப்போலப் பள்ளம் பார்த்து ஓடித் தேங்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது இலையின் கலங்கள் சிதையும். வெயில் ஏறியதும் இலை அவிந்ததுபோலக் கறுப்பது அதனால்தான்.

இலங்கையில் இதைப் பார்க்க வேண்டுமானால் தை, மாசியில் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, பள்ளத்தில் நிற்கும் தேயிலை விடியற்காலையில் வெள்ளை பூத்து, பிறகு தீய்ந்து கிடக்கும். வன்னியில் அது நடக்காது. கடலுக்குப் பக்கமான தாழ்ந்த நிலம், பூமத்திய கோட்டிலிருந்து 9 பாகைதான் வடக்கே. நம்முடைய தைக் குளிர் என்பது இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது. அதற்கே நாங்கள் தலைக்குத் துவாயைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் குந்துகிறோம்.

ஆனால் உறையாத குளிரிலும் வெப்பநாட்டுப் பயிர் கெடும். வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் தோல் கறுக்கிறதே, அங்கே எதுவும் உறையவில்லை. 13 பாகைக்குக் கீழே போனாலே அந்தத் தோலுக்கு ஒவ்வாது. நிற்கிற வாழையும் 16 பாகைக்குக் கீழே புது இலை விடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். நம் இரவுகள் அந்த எல்லைக்கு அரிதாகத்தான் போகும். அப்படியென்றால் என் மேடையில் நாற்று ஏன் சாகிறது?

நம் குளிர் இரண்டு விதம். முதலாவது வாடை. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் மூன்று நாள், நாலு நாள் வெயிலே இராது. தூறல் விடாது, வடகிழக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். பகலும் குளிர், இரவும் குளிர், மண்ணும் குளிர். இரண்டாவது பனி. மழை விட்டு வானம் வெளித்த பிறகு தையிலும் மாசியிலும் வருவது. பகலில் நல்ல வெயில், பின்னிரவில் சில்லிடும், விடிய இலையெல்லாம் நனைந்து சொட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழையவர்கள் சொன்னது இந்த இரண்டாவதைத்தான்.

வாடையின் வேகத்தை 2022 டிசெம்பரில் எல்லாரும் பார்த்தோம். மண்டூஸ் புயல் நம் கரையைத் தொடவில்லை; 9ஆம் தேதி இரவு மாமல்லபுரத்துப் பக்கம் கரையேறியது. ஆனாலும் அந்த இரண்டு மூன்று நாளில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பட்டி பட்டியாக விழுந்து கிடந்ததை மறக்க முடியாது. பூச்சியத்துக்குப் பக்கத்தில்கூட வராத குளிர்தான் அது. ஒதுங்க இடமில்லாமல் நனைந்த உடம்பில் விடாமல் காற்றடித்ததுதான் கொன்றது. அதே நாட்களில் என் பப்பாசிக் கன்றுகளும் துவண்டன. மண் நிறையத் தண்ணீர் இருக்க, இலை வாடி நின்றது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். குளிர்ந்து நீர் கோத்த மண்ணில் வேருக்கு மூச்சு இல்லை; மூச்சு இல்லாத வேர் தண்ணீர் இழுக்காது. காற்றோ இலையை உலர்த்திக்கொண்டே இருந்தது.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். வாடைக்கு உதவுமா? பனிக்கு உதவுமா?

தம்பியின் துணி பனிக்கு உதவும். மெல்லிய துணி என்றாலும் இலைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு. தடிப்பைப் பொறுத்து 2, 3 பாகை காப்பாற்றும். அவனுக்கு அந்த மூன்று பாகைதான் வாழை இருப்பதும் சாவதும். எனக்கு 18 பாகை 20 ஆவதால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. இலை நனையாமல் இருப்பது மட்டும் இலாபம். வாடைக்கு அது பகை. நனைந்த துணி நாற்றின்மேல் ஒட்டிப் படுத்துவிடும், காற்று பிடித்தால் கம்பியோடு கிளப்பிக்கொண்டு போகும். அனுப்புகிற செலவையும் சேர்த்தால் அது மலிவான துணியும் அல்ல. இதை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பொலித்தீன் கூடாரம்தான் இப்போது எல்லாருக்கும் ஆசை. மானியம் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை. மழையை மறைக்கும் என்பது உண்மை, அது பெரிய விடயம். விடாத தூறலில் நாற்று அழுகுவது அரைவாசி அதில் நிற்கும். ஆனால் குளிருக்குப் போர்வை என்று நினைத்துக் கட்டுபவர்கள் ஏமாறுவார்கள். சாதாரணப் பொலித்தீன் இரவில் நிலம் விடும் சூட்டைத் தடுத்து நிறுத்தாது, பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். வெளித்த இரவில் கூடாரத்தின் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே குளிர்தான். மறுநாள் பத்து மணி வெயிலுக்கு உள்ளே அடுப்பு. பக்கங்களைச் சுருட்டி ஏற்றாவிட்டால் 40 பாகையைத் தாண்டும். நான் முன்பு ஒரு சின்னக் கூடாரம் போட்டேன். விற்ற கடைக்காரர் வெயில் தாங்கும் தாள், மூன்று வருடம் நிற்கும் என்றார். இரண்டாவது கோடையிலேயே கருவாட்டுத் தோல்போல உடைந்து கொட்டியது. புற ஊதாக்கதிர் தாங்கும் தாள்தானா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க நாற்று விற்பவருக்கு, நாளுக்கு இரண்டு தடவை பக்கத்தை ஏற்றி இறக்க ஆளும் இருந்தால், கூடாரம் சரி. எனக்கு அந்த ஆள் இல்லை.

நிழல் வலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசிக்கு அது தெய்வம். மார்கழியில் வானமே மூடிக்கிடக்க, மேலும் பாதி வெளிச்சத்தை வெட்டினால் நாற்று வெளிறி நூல்போல நீளும். அடித்தண்டு அழுகிச் சாய்வது அப்போதுதான் கூடும். தைப்பனிக்கு இரவில் மட்டும் இழுத்துவிட்டால் கொஞ்சம் உதவும். விடியச் சுருட்ட வேண்டும். ஏற்கெனவே வலை வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தட்டும், இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

கிடுகுக்கு வருகிறேன். கிடுகு என் பாட்டன் காலத்துப் பொருள் என்பதற்காக நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. வருடத்துக்கு வருடம் மாற்ற வேண்டும், கறையான் அரிக்கும், இப்போது பின்னுகிற ஆட்களும் குறைவு. ஆனாலும் இரண்டு கேள்விக்கும் ஆம் என்று சொன்னது அது ஒன்றுதான், அதுவும் வேறு வேறு இடத்தில் நின்று.

வாடைக்கு அதை வேலியாக நிறுத்த வேண்டும், மேடைக்கு வடகிழக்குப் பக்கமாக. மதில்போல இறுக்கமாக அடைத்த மறைப்பைக் காற்று ஏறித் தாண்டி மறுபக்கத்தில் சுழன்று விழும். நாற்று அங்கே இன்னும் மோசமாக அடிபடும். கொஞ்சம் காற்று புகுந்து வருகிற வேலிதான் வேகத்தைக் குறைக்கும். அப்படிப்பட்ட வேலியின் பலன் அதன் உயரத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்குத் தெரியும். ஆறடி வேலி அறுபது அடிக்கு உதவும் என்று வையுங்கள், கிட்ட இருப்பதற்குக் கூடுதலாக. அதனால் கிடுகை ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிக் கட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டினால் செலவும் குறையும், வேலையும் நன்றாக நடக்கும். நீண்டகாலத்துக்கு என்றால் கிளுவை, பூவரசு, கிளிசரியாக் கதியால், அதாவது நட்டால் தளிர்க்கிற தடி, போட்டுவிடலாம். இரண்டு மாரி பொறுத்தால் அது தானே வேலியாகிவிடும், ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும். இப்போதே கதியால், அது வேலியாகும்வரை இந்த இரண்டு வருடத்துக்குக் கிடுகு என்று நான் முடிவு செய்தேன்.

பனிக்கு அதே கிடுகைக் கூரையாக மாற்ற வேண்டும். மேடைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்தில் பந்தல்போல ஒரு சட்டம். மாலையில் கிடுகைப் பரப்பி, விடிய எடுத்துவிடுவது. வானத்தைப் பார்ப்பது ஓலை, ஓலையைப் பார்ப்பது நாற்று. பனி ஓலையில் படியும், இலை உலர்ந்திருக்கும். தக்காளியின் வெளிறல் நோய், வெங்காயத் தாளில் வரும் ஊதாப் புள்ளி எல்லாம் இலை மணிக்கணக்கில் நனைந்து கிடக்கும் காலையைத்தான் காத்திருக்கும் என்பதால், உலர்ந்த இலையின் பெறுமதி இரண்டு பாகைச் சூட்டைவிட அதிகம். வாடைக்காலத்தில் இந்தக் கூரையைப் பகலில் போட்டு வைத்தால் நிழல் வலை செய்த பிழையையே செய்வோம். கூரை தையில்தான்.

இதோடு ஒரு மண்வெட்டி வேலை சேர வேண்டும், காசு கேட்காத வேலை. மேடையை முக்கால் அடி உயர்த்தி, சுற்றிவர வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வெளியே போக வழி விடுவது. முருங்கன் பக்கத்துக் களிமண்காரருக்கு இதுதான் முதல் வேலை, வேலிகூட இரண்டாவது. பப்பாசியின் வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே மரம் போய்விடும். பிறகு எந்தக் கூடாரமும் எழுப்பாது. நம் பக்கத்துச் செம்மண் மேட்டில் தண்ணீர் தானே இறங்கிவிடும் என்று நம்பி நான் ஒரு வருடம் வாய்க்கால் வெட்டாமல் விட்டேன். மேலே செம்மண்தான். ஒன்றரை அடிக்குக் கீழே இறுகிய களி கிடந்தது.

வைக்கோல் மூடாக்கில் ஒரு வேடிக்கை உண்டு. தம்பிக்கு உறைபனி எச்சரிக்கை வந்தால் மூடாக்கை ஒதுக்கி மண்ணை நனைத்து வைக்கச் சொல்வார்கள். ஈர மண் பகலில் கூடுதலாகச் சூடு வாங்கி இரவில் இலைக்குக் கொடுக்கும். வைக்கோல் அந்தச் சூட்டை மண்ணுக்குள்ளேயே பூட்டிவிடும். இங்கே அந்தக் கணக்குத் தேவையில்லை. மாரியில் வைக்கோல் நத்தைக்கு வீடு, அவ்வளவுதான். மழை விட்ட பிறகு தையில் போட்டால் கோடைக்கு ஈரம் காக்கும்.

உறைபனிக்காரர்கள் தண்ணீரை வைத்து இன்னொரு வித்தையும் செய்கிறார்கள். புளோரிடாவில் ஸ்ட்ரோபெரித் தோட்டக்காரர் குளிர் இரவு முழுக்கத் தூவல் நீர் அடிப்பார்கள். நீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை வெளியே விடும். உறைந்துகொண்டே இருக்கும்வரை பழம் பூச்சியத்தோடு நின்றுகொள்ளும். 2010 தையில் நாட்கணக்கில் குளிர் நீடிக்க, எல்லாரும் ஒன்றாக நிலத்தடி நீரை இறைத்ததில் பிளான்ற் சிற்றி என்ற ஊர்ப்பக்கம் நிலமே பல இடத்தில் குழி விழுந்தது. நல்ல வித்தைதான், நமக்கு வேண்டாத வித்தை. தைக்குளிருக்கு இரவில் தண்ணீர் தெளித்தால் பனி செய்வதை நாமே செய்ததாகும்.

விதைக்கும் நாளைத் தள்ளுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் செலவே இல்லாத வழி. மிளகாய் நாற்றுக்கு நாலைந்து கிழமை, தக்காளிக்கு மூன்று நாலு, பப்பாசிக்கு ஆறு முதல் எட்டு. ஐப்பசி முதல் வாரத்தில் மிளகாய் விதைத்தால் வாடை வரும்போது அது தோட்டத்தில் வேர் பிடித்து நிற்கும். கார்த்திகையில் விதைத்தால் இளந்தண்டாக இருக்கும்போதே மாட்டிக்கொள்ளும். பொங்கலுக்குப் பிறகு விதைத்தால் இரண்டிலிருந்தும் தப்பும், ஆனால் மாசி, பங்குனி வெயிலில் இலைப்பேனும் இலைச்சுருளும் பிடிக்கும், கிணறும் இறங்கத் தொடங்கும். முந்துவது நல்லது, பிந்துவது ஒரு கேட்டைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. பப்பாசியை மட்டும் நான் பிந்தவே விடுகிறேன். எட்டுக் கிழமை நாற்றை எப்படி முந்தினாலும் மாரிக்குள்தான் நட வேண்டிவரும்.

நாளை நம்பி எவ்வளவு தூரம் திட்டம் போடலாம் என்பது வேறு கதை. பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகிற எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை நம் மழை கூடுகிற போக்கு உண்டு, அது குளிர்கிற லா நினாவில் குறைகிற போக்கு. ஆனால் 2011இல் தையிலும் மாசியிலும் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் லா நினாக் காலத்தில்தான் வந்தது. ஆகவே அந்தச் செய்தியைக் கேட்டு வேலியை முதலில் கட்டுவதா கூரையை முதலில் கட்டுவதா என்று வரிசை மாற்றுவேனே தவிர, ஒன்றைக் கட்டாமல் விடமாட்டேன்.

இவ்வளவும் சொல்லி, குளிரைத் துரத்துவதே வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தக்காளிக்கு இந்தக் குளிர் சீதனம். இரவு 15க்கும் 20க்கும் நடுவில் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். சித்திரையின் புழுங்கல் இரவில் பூ காய்ந்து கொட்டும். கோவாவும் கரட்டும் நம் மண்ணில் எட்டிப்பார்ப்பதே இந்த இரண்டு மாதந்தான். மாவோ குளிரைக் கேட்டு நிற்கிற மரம். கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் தளிர் முற்றி, மழை விட்டு, இரவு குளிர்ந்தால் பூக்கும். தையிலும் மழை நீண்டால் பூவுக்குப் பதிலாகத் தளிரைத் தள்ளும். பூத்த பிறகு பனி கூடினால் சாம்பல் பூசணம் கதிரைப் பிடிக்கும். தம்பி வீட்டு மாவுக்கு உறைபனிக்குப் பயந்து போர்வை போடுகிறான், நான் என் மாவுக்குக் குளிர் போதாதே என்று கவலைப்படுகிறேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, என் காசு எங்கே போகிறது? பெரும்பங்கு வடகிழக்கு வேலிக்கு. மிச்சத்தில் மேடையின்மேல் சட்டம், அதற்குத் தைமாதக் கிடுகு. மேடையும் வாய்க்காலும் என் முதுகு. மிளகாய் ஐப்பசி முதல் வாரம், தக்காளி மார்கழிக் கடைசி, பப்பாசி மாசி. இதே காசு புதுக்குடியிருப்புக் கரைப்பக்கம் மணலில் செய்பவரிடம் இருந்தால், தண்ணீர் தேங்காத இடம் என்பதால் வாய்க்காலை விட்டு முழுவதையும் வேலிக்குக் கொடுக்கச் சொல்வேன். கடல்காற்றில் உப்பும் வரும். வாழை மட்டும் வைத்திருப்பவர் எதுவும் வாங்க வேண்டாம். குலை தள்ளுகிற காலம் தையோடு மோதாதபடி கன்று நட்டால் போதும்.

கிடுகு பின்ன ஓலையை ஊறப்போட வேண்டும், ஆளைப் பிடிக்க வேண்டும், புரட்டாசிக்குள் வேலி நிற்க வேண்டும். ஆகவே ஆவணியிலேயே தம்பிக்கு எடுத்துச் சொன்னேன், துணி வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப என்னதான் அனுப்பிறது?” என்றான். இரவில் எவ்வளவுக்கு இறங்கியது என்று விடிந்த பிறகும் காட்டி நிற்கிற வெப்பமானி இரண்டு கேட்டேன். ஒன்றை ஆள் உயரத்தில் கட்டப்போகிறேன், மற்றதை நாற்றின் இலை உயரத்தில்.